நவம்பரில் தொடங்கும் வாக்குப்பதிவு: செம்பாக்கத்து நினைவுகள்

சென்னையும் அதன் தென்புறநகரும் வாக்குப்பதிவில் மாநிலத்தின் கடைசி வரிசையில் நிற்பது பல தேர்தல்களாகத் தொடர்ந்து வரும் செய்தியாகும். 2021 ஏப்ரல் 6 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் வாக்களித்திருக்க, தாம்பரத்திலிருந்து ஒரே சாலையில் சென்றடையக்கூடிய வேளச்சேரித் தொகுதி 56 விழுக்காட்டை ஒட்டிய அளவோடு 234 தொகுதிகளில் கடைசி வரிசையில் நின்றது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநில அளவு 60 விழுக்காட்டைத் தாண்டியபோது, அப்போதுதான் உருவாகியிருந்த தாம்பரம் மாநகராட்சியில் ஏறத்தாழப் பாதிப்பேரே வாக்குச்சாவடிக்கு வந்தனர். 2024 நாடாளுமன்றத் தேர்தலிலும் மாநிலம் 69.72 விழுக்காட்டை எட்ட, தாம்பரம் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதி 60 விழுக்காட்டோடு நின்றது. படித்தவர்கள் மிகுந்த ஊரில் பொறுப்புணர்ச்சி குறைவு என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். செம்பாக்கத்தில் குடியேறி, அங்குள்ள குடியிருப்போர் நலச் சங்கப் பணிகளில் நீண்டகாலம் ஈடுபட்டிருந்த இக்கட்டுரையாளரின் அனுபவம் இக்காரணத்தை முழுமையாக ஏற்க இடம் தரவில்லை. வாக்களிக்கும் விருப்பத்தைவிட வாக்காளர் பட்டியலே புறநகரின் பெருஞ்சிக்கலாக இருந்து வந்துள்ளது என்பதும், அப்பட்டியலைத் தெருத்தெருவாகச் சரிபார்க்கும் சலிப்பூட்டும் வேலையே இவ்வூருக்குத் தேவையான முதற் பொதுப்பணி என்பதும் அந்த அனுபவம் காட்டும் உண்மைகளாகும்.

செம்பாக்கம் தாம்பரம்–வேளச்சேரி சாலையின் மீது, கேம்ப் ரோடு சந்திப்பையும் இராஜகீழ்ப்பாக்கத்தையும் கடந்தபின் அமைந்த ஊர். சிட்லப்பாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம் ஏரிக்கும், முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் சென்று சேர்வது இப்பகுதியின் பழைய நீர்வழி. ஏரிப் பாசனத்தில் விளைந்த வயல்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டபோது, மத்திய அரசு ஊழியர், விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்றோர், ஆசிரியர், வங்கிப் பணியாளர் ஆகியோர் முதலில் வந்தனர். பின்னர் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் வாடகைக்கு வந்தனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 45 ஆயிரத்தைத் தாண்டியது. பேரூராட்சியாக இருந்த ஊர் நகராட்சியாகி, 2021 நவம்பர் 3 அன்று தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகளோடும் ஐந்து பேரூராட்சிகளோடும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியில் கலந்தது. மாவட்டமும் அவ்வாறே மாறியது. 1997க்கு முன் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் வீடு கட்டியவர் பின்னர் காஞ்சிபுரம் மாவட்டத்தவராகி, 2019 நவம்பர் முதல் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டத்தவரானார். தொகுதி மறுவரையறைக்கு முன்பு தென்சென்னை நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த தாம்பரம், 2009 முதல் ஸ்ரீபெரும்புதூர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து வருகிறது. வீடு மாறாமலே முகவரி மாறிக்கொண்டிருந்த ஊரில், தமக்குப் பொறுப்பானவர் யார் என்ற தெளிவு மக்களிடம் உறுதிப்படாமற் போனதில் வியப்பில்லை.

குடியிருப்போர் நலச் சங்கம் என்பது ஒரு நகரிலோ சில தெருக்களிலோ வாழ்வோர் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்ளும் அமைப்பாகும். கட்டுரையாளர் குடியேறிய காலத்தில் தெருவிளக்கு, மண்சாலை, மழைநீர் தேங்குதல், லாரித் தண்ணீர் ஆகிய நான்குமே சங்கக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை நிரப்பின. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடி, மனு எழுதி, வீடுவீடாகக் கையொப்பம் வாங்கி, திங்களன்று அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுவது வழக்கமான நடைமுறை. கையொப்பமிட மறுத்தவர் மிகச் சிலரே. சந்தாவைக் கூடக் கேட்டதும் கொடுத்தனர். ஆனால் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தபின் அதே தெருக்களில் பேசிப் பார்த்தபோது, மனுவில் கையொப்பமிட்டவர்களில் பலர் வாக்களிக்காதது தெரியவந்தது. கேட்டுக்கொண்டே போனபோது ஒரு பொதுவான விடை திரும்பத் திரும்ப வந்தது: ஓட்டு ஊரில் இருக்கிறது.

'ஊர்' என அவர்கள் சொன்னது தஞ்சாவூர், திருநெல்வேலி, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலுள்ள சொந்தக் கிராமங்களை. அங்கே பெயரைச் சொன்னால் தெரியும். வேட்பாளர் உறவினராக இருப்பார், அல்லது உறவினருக்கு வேண்டியவராக இருப்பார். வாக்களிக்கச் செல்வது பெற்றோரைப் பார்ப்பதற்கும் வழியாக அமையும். 2019 ஏப்ரல் 18 வியாழனன்று நாடாளுமன்றத் தேர்தலும் மறுநாள் புனித வெள்ளியும் வந்தபோது, முந்தைய இரவு கோயம்பேடு பேருந்து நிலையத்தில் திரண்ட கூட்டத்துக்குப் பேருந்துகள் போதவில்லை. இரவெல்லாம் நின்றுகொண்டு 500 கிலோமீட்டர் பயணம் செய்து வாக்களிக்கும் ஒருவரைப் பொறுப்பற்றவர் என்று கூற முடியாது. ஆயினும் அவரது வரி செம்பாக்கத்தில், குப்பை செம்பாக்கத்தில், பிள்ளைகளின் பள்ளி செம்பாக்கத்தில், வாக்கு மட்டும் வேறிடத்தில் என்ற நிலை நீடித்தது. சிலர் இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருந்தனர். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவு செய்துகொள்வதை 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும், 'வழக்கமாக வசிக்கும் இடமே' பதிவுக்கு அடிப்படை என்பதையும் சொன்னபோது, "சார், ஊர்ல பேரை எடுத்துட்டா நம்ம ஊர்க்காரங்கன்னே சொல்ல மாட்டாங்க" என்று ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் கூறியது கட்டுரையாளரின் நினைவில் நிற்கிறது. வாக்காளர் பட்டியல் அவருக்கு ஊரோடு உள்ள உறவுக்குச் சான்றாகவும் இருந்தது.

இச்சூழலில் சங்கம் மேற்கொண்ட பட்டியல் பணியை விளங்கிக்கொள்ளச் சில சொற்கள் தேவை. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலும் 'பாகம்' எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பாகம் பெரும்பாலும் ஒரு வாக்குச்சாவடிக்கு உரியது. அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் உண்டு. பாகத்தைக் கவனிப்பவர் வாக்குச்சாவடி நிலை அலுவலர். இவர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருந்து, தம் அன்றாட வேலைக்கு மேலாக இப்பொறுப்பையும் சுமப்பவர். ஆண்டுதோறும் பெரும்பாலும் நவம்பர் மாதத்தையொட்டி வரைவுப் பட்டியல் வெளியாகி, சனி ஞாயிறுகளில் பள்ளிகளில் சிறப்பு முகாம்கள் நடைபெறும்; புதிதாகச் சேர படிவம் 6, நீக்கத்துக்கும் ஆட்சேபணைக்கும் படிவம் 7, திருத்தத்துக்கும் இடமாற்றத்துக்கும் படிவம் 8 என்பவை அங்கே பெறப்படும்.

முகாம் நடக்கும் பள்ளித் தாழ்வாரத்தில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சொன்றில் அலுவலர் அமர்ந்திருப்பார். எதிரே பாகப் பட்டியலின் நகல், காற்றில் பறக்காமல் மேலே ஒரு தண்ணீர் பாட்டில், பக்கத்தில் பசையும் பேனாவும் இருக்கும். வருவோர் முதலில் நீட்டுவது வாக்காளர் அடையாள அட்டையை. பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அலுவலர் தலையை அசைக்க, "கார்டு இருக்கும்மா, பேர்தான் இல்லையா?" என்ற கேள்வி எழும். அட்டை ஒருவரின் அடையாளத்தைக் காட்டுவதற்கு உரியது என்பதும், வாக்குரிமையைத் தீர்மானிப்பது பட்டியலிலுள்ள பெயரே என்பதும், அட்டை கையில் இருந்தும் பெயர் இல்லாதவர் வாக்களிக்க இயலாது என்பதும் படித்த பலருக்கே அந்தத் தாழ்வாரத்தில்தான் முதன்முதலாகத் தெரியவந்தன. இதே செய்தியைத் தேர்தல் நாளில் அறிய நேர்ந்தவர்கள் வாக்குச்சாவடி வாசலில் சண்டையிட்டுத் திரும்பியதும் உண்டு.

ஆகவே சங்கத்தினர் முகாமுக்கு முன்பே வரைவுப் பட்டியலை அச்செடுத்து, தெருவுக்கு இருவராகப் பிரிந்து கதவுகளைத் தட்டினர். இறந்தவர் பெயர் மகனின் பெயருக்கு மேலே ஆண்டுக்கணக்கில் இருந்தது. வெளிநாடு சென்று குடியுரிமை பெற்றுவிட்டவர் பெயர் இருந்தது. மணமாகி வந்த பெண்ணின் பெயர் தாய்வீட்டுப் பாகத்திலேயே இருந்தது. வாடகைக்கு இருப்போர் தயங்கினர். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தால் காலி செய்துவிடுவோம் என்றனர் சிலர். முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்த நகலைக் கொடுத்தால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்றனர் சிலர். வீட்டுக்காரர்களோ, வாடகைதாரர் பெயர் பட்டியலில் ஏறினால் வீட்டின் மீது அவருக்கு ஏதோ உரிமை வந்துவிடும் என்று அஞ்சினர். பதிவுக்கும் சொத்துரிமைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று விளக்கி ஒரு வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதற்குள் காபி ஆறிவிடும். அடுத்த வீட்டில் அதே விளக்கத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தேர்தல் விழிப்புணர்வு ஊர்வலத்தில் கிடைக்கும் புகைப்படமோ பாராட்டோ இவ்வேலையில் கிடைக்காது. இரண்டாம் ஆண்டு வந்தவர்கள் முதலாம் ஆண்டினும் குறைவாகவே இருந்தனர்.

இந்த வேலை விழுக்காட்டின் பொருளையே மாற்றிக் காட்டியது. வாக்குப்பதிவு விழுக்காடு என்பது வாக்களித்தோரைப் பட்டியலிலுள்ள பெயர்களால் வகுத்துப் பெறும் எண். அங்கே இல்லாத மனிதர்களின் பெயர்கள் மிகுந்தால், இருக்கும் எல்லோரும் வாக்களித்தாலும் விழுக்காடு குறையும். 2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம், அதாவது வீடுதோறும் கணக்கீட்டுப் படிவம் கொடுத்துப் பட்டியலைப் புதிதாக அமைக்கும் நடவடிக்கை, டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியலாக வெளிவந்தபோது ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் அதில் இடம்பெறவில்லை. அவற்றுள் பெரும்பகுதி இடம்பெயர்ந்தோர் என வகைப்படுத்தப்பட்டவை. தகுதி இருந்தும் விடுபட்டவர்கள் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது என்பதும், அதைச் செய்ய அறியாதவர்களுக்கு அருகிலிருந்து உதவ ஆள் தேவைப்பட்டது என்பதும் இதன் மறுபக்கம். நீக்கமும் சேர்ப்பும் ஒரே கவனத்தோடு நடைபெறாவிட்டால் பட்டியல் தூய்மையாகும். ஆனால் வாக்காளர் வெளியே நிற்பார்.

பட்டியலே குடியாட்சியின் வாசற்படி என்பது வரலாற்றிலும் தெளிவாகப் பதிவாகியுள்ளது. 1951–52 முதற் பொதுத்தேர்தலுக்குப் பெயர்களைப் பதிவு செய்தபோது, வட மாநிலங்கள் பலவற்றில் பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே கூறினர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவ்வாறான பதிவுகளை ஏற்க மறுத்ததால், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் இடம்பெறாமற் போயின. அடுத்த தேர்தலுக்குள் அப்பெண்களைத் தம் பெயரிலேயே பதிவு செய்ய வைக்கத் தனி முயற்சி தேவைப்பட்டது. வாக்களிப்பதைக் கட்டாயமாக்கிய நாடாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆஸ்திரேலியா அதனை 1924இல் செய்தது. ஆனால் பட்டியலில் பெயர் சேர்ப்பதை அங்கே 1911இலேயே கட்டாயமாக்கியிருந்தனர். இந்தியாவில் குஜராத் மாநிலம் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பைக் கட்டாயமாக்க முயன்று, 2015இல் உயர் நீதிமன்றத்தின் தடையால் நின்றது. வாக்களிக்காதவர்க்கான தண்டத்தைப் பற்றிய விவாதம் எளிதாக எழுகிறது. பட்டியலைப் பற்றிய விவாதம் எழுவதில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிப்பது பலரும் அறிந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுக்கும் அம்முறை, சொந்த நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்ததால் அதனை இன்றைய மக்களாட்சியின் முன்னோடி என்று கொண்டாடுவதில் கவனம் தேவை. ஆனால் புறநகர்வாசி கவனிக்கத்தக்கவை அதில் இரண்டுண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டோர் 'வாரியம்' எனப்படும் குழுக்களாக இயங்கினர். அவற்றுள் ஏரியைக் காப்பதற்கென்றே ஏரி வாரியம் இருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவரது நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவராயினர். தேர்வும் பொதுச்சொத்தின் பராமரிப்பும் கணக்கும் அங்கே தனித்தனியாகப் பிரிந்து கிடக்கவில்லை.

செம்பாக்கத்தில் அவை பிரிந்து கிடந்த காலம் 2016 முதல் 2022 வரையிலானது. 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தியபின், ஐந்தாண்டுகளுக்கும் மேலாக நகர்ப்புற உள்ளாட்சிகளில் மக்கள் பிரதிநிதிகள் இல்லை. தனி அலுவலர்களே நிர்வகித்தனர். இந்த இடைவெளியில்தான் ஏரிகளைச் சுற்றிக் குடிமக்களின் உழைப்பு பெருகியது. 2019 கோடையின் கடும் வறட்சியில் சிட்லப்பாக்கத்து மக்கள் தம் ஏரியில் இறங்கிக் குப்பையும் மண்ணும் அள்ளினர். அதன்பின் அரசின் சீரமைப்புத் திட்டம் வந்தது. ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்புள்ள செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை இணைந்த மீட்புப் பணி தொடங்கியது. கழிவுநீர் கலந்து ஆகாயத்தாமரை மூடிய நீர்ப்பரப்பைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, கரையைச் சுற்றி நடந்து பறவைகளைக் கணக்கெடுக்கும் சிறுவர்கள் புதிய காட்சியாக இருந்தனர். வார்டு உறுப்பினர் ஒருவர் இல்லாத ஊரில் கோரிக்கையை யாரிடம் சொல்வது என்ற கேள்வி, கரையில் நடந்த பேச்சுகளில் ஓயாமல் எழுந்தது. ஏரிக்காகக் கூடியவர்களில் இளைஞர்கள் சிலர், அவ்வாண்டு இறுதியில் சங்கத்தின் பட்டியல் பணிக்குத் தாமாகவே வந்தனர். கதவு தட்டுவதில் பெரியவர்களுக்கு இருந்த அலுப்பு அவர்களிடம் இல்லை. படிவத்தைக் கைபேசியிலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தனர்.

2022 பிப்ரவரித் தேர்தல் சனிக்கிழமையில் நடந்தது. மாநகராட்சியின் 70 வார்டுகளும் புதிய எல்லையோடு அமைந்ததால், பழைய நகராட்சி வார்டு எண்ணை நினைவில் வைத்திருந்தவர்கள் குழம்பினர். உள்ளாட்சித் தேர்தலுக்குச் சட்டமன்றப் பட்டியலையே எடுத்து வார்டுவாரியாகப் பிரிப்பர் என்பதால், வழக்கமாகச் செல்லும் பள்ளியில் பெயர் இல்லாமல் அடுத்த பள்ளிக்கு அனுப்பப்பட்ட முதியவர்கள் உண்டு. சங்கத்தினர் முந்தைய வாரமே ஒவ்வொரு வீட்டுக்கும் வாக்குச்சாவடி, பாக எண், வரிசை எண் ஆகிய மூன்றையும் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தனர். கட்சிச் சின்னம் எதுவும் அதில் இல்லை. எந்தக் கட்சியினர் கொடுத்தது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள், ஒன்றும் இல்லை எனக் கண்டபின் அதனைப் பர்ஸில் வைத்துக்கொண்டனர். கட்சி சார்பற்ற இந்த நிலையைக் காப்பது எளிதாக இருக்கவில்லை. சங்கத்தின் நிர்வாகிகளில் வெவ்வேறு கட்சி அனுதாபிகள் இருந்ததால், எவரும் வேட்பாளரோடு வீடுகளுக்குச் செல்வதில்லை, பணமோ டோக்கனோ பற்றிய பேச்சுக்குச் சங்கக் கூட்டத்தில் இடமில்லை என்ற இரண்டு விதிகளையும் ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாகவே வலியுறுத்த வேண்டியிருந்தது. அவ்விதிகள் தளர்ந்த நாளில் பட்டியல் பணியின் நம்பகத்தன்மையும் போயிருக்கும்.

அத்தேர்தலில் வென்ற மாமன்ற உறுப்பினர்கள், 25 வயதான வசந்தகுமாரி கமலக்கண்ணனை முதல் மேயராகத் தேர்ந்தெடுத்தனர். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதால், வார்டு உறுப்பினருக்கு இடும் வாக்கே மேயரையும் தீர்மானிக்கிறது என்பது பலருக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்த சில வாரங்களில், ஏப்ரலில், மாநிலம் முழுவதும் சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டபோது செம்பாக்கத்துத் தெருக்களில் எழுந்த முணுமுணுப்பு பெரிது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளையொட்டி, நகர்ப்புறங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. பகுதி சபை என்பது ஒரு வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து அங்குள்ள வாக்காளர் அனைவரையும் உறுப்பினராகக் கொள்ளும் கூட்டம். கிராம சபையின் நகர வடிவம் எனலாம். தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பங்கேற்றார். இச்சபையில் உறுப்பினராவதற்கு அடிப்படை அப்பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதே. வரியைப் பற்றியும் வடிகாலைப் பற்றியும் பேச வந்தவர்களில், வாக்கைச் சொந்த ஊரிலேயே வைத்திருந்தவர்கள் இதன் பொருளைத் தாமே உணர்ந்தனர். அடுத்த முகாமில் இடமாற்றப் படிவம் கேட்டு வந்தவர்களில் அத்தகையோரும் இருந்தனர். எத்தனையோ ஆண்டு வேண்டுகோள் செய்யாததை, கேள்வி கேட்கக் கிடைத்த ஓர் இடம் செய்தது.

இந்த அனுபவங்களைத் தொகுத்து நோக்கும்போது, தேர்தலுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் நடத்தப்படும் கோலப்போட்டி, மாரத்தான் ஓட்டம், மனிதச் சங்கிலி ஆகியவற்றின் பயன் சிறிதே என்ற முடிவுக்கு வர வேண்டியுள்ளது. அவை ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களிடமே பேசுகின்றன. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் வயதுத் தகுதிக்குரிய நாள்களாக ஏற்கப்பட்டு, 17 வயது நிறைந்தோர் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி பிறந்துள்ளது. பள்ளி இறுதி வகுப்பிலேயே தம் பாக எண்ணை அறிந்துகொள்ளும் மாணவரும், குடிவந்த மாதமே வாடகைதாரரின் பெயரைச் சேர்க்கச் சொல்லும் வீட்டுக்காரரும், தெருவுக்கு இருவராகப் பட்டியலோடு நடக்க ஒப்பும் அண்டைவீட்டாரும் அமைந்தால், புறநகரின் விழுக்காடு எவரும் அறிவுறுத்தாமலே உயரும். வாக்களிப்பது ஒரு நாளின் கடமை. மற்றவர் வாக்களிக்கக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று பார்ப்பது ஆண்டு முழுவதற்கும் உரிய தொண்டு. செம்பாக்கம் போன்ற ஊர்களில் குறைந்திருப்பது இரண்டாவதே. அதைச் செய்யக் கட்சியும் பதவியும் தேவையில்லை.